கலத்துக்குள் போனதா, வாசலில் நிற்கிறதா: பெப்தைட்டுக் காவிகளில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மருந்தையோ டிஎன்ஏ, ஆர்என்ஏ துண்டுகளையோ கலத்துக்குள் கொண்டுசெல்லும் பெப்தைட்டுகள் பெரும்பாலும் 9 முதல் 30 வரையான அமினோ அமிலங்கள் கோத்த சிறு தொடர்கள். எச்ஐவி வைரசின் டாட் புரதம் தானாகவே கலங்களுக்குள் நுழைவதை 1988இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. 1994இல் பழ ஈயின் புரதம் ஒன்றிலிருந்து 16 அமினோ அமிலங்கள் கொண்ட பெனட்ரட்டின் வந்தது. அதற்குப் பிறகு டிரான்ஸ்போர்ட்டன், எம்பிஜி என்று பட்டியல் நீண்டுவிட்டது. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு, நேர் ஏற்றமுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒன்பதை வரிசையாகக் கோத்த ஆர்9 போதும். விலை குறைவு, கணக்கும் எளிது. கீழே வரும் எண்கள் எல்லாம் அதையே வைத்துப் போட்டவை.

கிளிநொச்சி அறிவியல்நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ, வன்னியில் வேறெங்கோ ஒரு ஆய்வுகூடத்தில் இந்த வேலையைச் செய்பவர் கையில் எடுக்கும் நெறிமுறை, 22 பாகை அறை, நிற்காத மின்சாரம், அயன் எதுவும் இல்லாத நீர் ஆகிய மூன்றையும் இருப்பதாக வைத்து எழுதப்பட்டிருக்கும். இங்கே மூன்றுமே கேள்விக்குரியவை. பரிசோதனை பிழைத்தால் பெப்தைட்டின் வரிசையை மாற்ற ஓடாதீர்கள். முதலில் நிறுவைக் கணக்கையும் நீரையும் வெப்பத்தையும், விளைவை எப்படி வாசித்தீர்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலான பிழைகள் அந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்: உப்பின் நிறையைக் கழித்தீர்களா?

அறிகுறி எதுவானாலும் இதை முதலில் பாருங்கள். விற்பவர் அனுப்பும் 1 மில்லிகிராம் குப்பியில் இருப்பது 1 மில்லிகிராம் பெப்தைட்டு அல்ல. தூய்மைப்படுத்தும்போது பயன்படும் டிரைபுளோரோ அசெற்றிக் அமிலம் ஒவ்வொரு நேர் ஏற்றத்தோடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆர்9இன் மூலக்கூற்று நிறை சுமார் 1,424. பக்கச் சங்கிலிகளில் ஒன்பது ஏற்றங்களும் முனை அமீனில் ஒன்றும் சேர்ந்து பத்து. ஒவ்வொன்றுக்கும் 114 வீதம் 1,140 சேர்ந்துவிடுகிறது. ஆகவே நிறுத்த தூளில் உண்மையான பெப்தைட்டு 55 சதவீதமளவே. தூள் உறிஞ்சிய ஈரத்தையும் கழித்தால் இன்னும் குறையும். சான்றிதழில் "தூய்மை 98 சதவீதம்" என்று இருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். அது வேறு பெப்தைட்டுகள் கலக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. "நிகர பெப்தைட்டு அளவு" என்ற எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி டிஎன்ஏவின் பக்கம். ஒவ்வொரு பொஸ்பேற்றுக்கும் சராசரியாக 330 நிறை. எனவே 1 மைக்ரோகிராம் டிஎன்ஏயில் ஏறத்தாழ 3 நனோமோல் மறை ஏற்றம் உண்டு. நேர் ஏற்றத்துக்கும் பொஸ்பேற்றுக்கும் உள்ள விகிதத்தைத்தான் என்/பி என்கிறோம். ஆர்ஜினினின் பக்கச் சங்கிலியில் மூன்று நைதரசன் இருந்தாலும் ஏற்றம் ஒன்றுதான். மூன்றாக எண்ணுபவர்கள் மூன்றில் ஒரு பங்கு பெப்தைட்டையே போடுகிறார்கள். விகிதம் 8 வேண்டுமானால் 1 மைக்ரோகிராம் டிஎன்ஏக்கு 24 நனோமோல் ஏற்றம் தேவை. பக்கச் சங்கிலிகளை மட்டும் எண்ணினால் அது 2.7 நனோமோல் ஆர்9, அதாவது 3.8 மைக்ரோகிராம் தூய பெப்தைட்டு, உப்போடு நிறுத்தால் 6.9 மைக்ரோகிராம். உப்பை மறந்து 3.8 மைக்ரோகிராம் தூளைப் போட்டவர் விகிதம் 8 என்று குறிப்பேட்டில் எழுதுவார். குழாயில் இருப்பதோ 4.4.

குப்பியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி நிறுக்கவேண்டாம். மாரி காலத்து ஈரக்காற்றில் இந்தத் தூள் சில நிமிடங்களிலேயே பிசின்போல ஒட்டிக்கொள்ளும், தராசு காட்டும் எண்ணில் தண்ணீரும் சேர்ந்துவிடும். உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் ஒரு மணிநேரம் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறந்து, முழுக் குப்பியையும் ஒரே தடவையில் கரையுங்கள். 1 மில்லிகிராம் குப்பிக்கு 390 மைக்ரோலீற்றர் நீர் விட்டால் 1 மில்லிமோலர் கிடைக்கும். உப்பை மறந்தவர் 702 மைக்ரோலீற்றர் விடுவார், பிறகு எல்லா எண்ணும் சரிந்தே போகும்.

அளந்து உறுதிசெய்யவும் வழி உண்டு. பெனட்ரட்டினில் ஒளியை உறிஞ்சும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இரண்டு இருப்பதால் 280 நனோமீற்றரில் 0.1 மில்லிமோலர் கரைசல் 1.1 உறிஞ்சலைக் காட்டவேண்டும். ஆர்9இல் 280இல் உறிஞ்சும் எதுவும் இல்லை. ஆகவே வாங்கும்போதே முனையில் ஒரு டிரிப்டோபானைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். அப்போது 0.1 மில்லிமோலருக்கு 0.55 வரும். சேரும் சிறு செலவு பல வாரக் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

கலந்தவுடன் குழாய் கலங்குகிறது, அல்லது வெள்ளைத் துணுக்கு மிதக்கிறது

முதலில் வெறும் தாங்கற் கரைசலையும் நீரையும் மட்டும் கலந்து வையுங்கள். பெப்தைட்டும் டிஎன்ஏயும் இல்லாமலே கலங்கினால் குற்றம் நீருடையது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு விடும் கிணற்று நீரில் கல்சியம் நிறைய உண்டு. அது பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலைக் கண்டவுடன் வீழ்படிவாகும். வடிகலத்தில் ஒருமுறை வடித்த நீரும் கொதிகலன் அழுக்கேறியிருந்தால் நம்பத்தக்கதல்ல. கல்சியம் வீழ்படிவாகாத அளவிலும், பெப்தைட்டும் டிஎன்ஏயும் ஒட்டி உருவாகும் துணிக்கைகளைச் சுருக்கும். கல்சியம் குளோரைட்டை வேண்டுமென்றே சேர்த்து டாட்–டிஎன்ஏ துணிக்கைகளை இறுக்கும் முறையே இருக்கிறது. எனவே நீரில் எவ்வளவு கல்சியம் என்று தெரியாமல் வேலை செய்பவருக்கு ஒரு நாள் நல்ல முடிவும் மறுநாள் மோசமான முடிவும் வருவதில் வியப்பில்லை.

ஊர்களில் குடிக்க வழங்கப்படும் ஆர்ஓ நீரைப் பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்பதுண்டு. வேண்டாம். வன்மை குறைந்திருந்தாலும் அயன்கள் மிச்சம் இருக்கும், சுவைக்காகக் கனியுப்பு திரும்பச் சேர்க்கும் நிலையங்களும் உண்டு, ஆர்என்ஏயைச் சிதைக்கும் நொதியங்களையோ பக்ரீரிய நச்சையோ அங்கே எவரும் சோதிப்பதில்லை. நல்ல நீர் இயந்திரம் இல்லாத இடத்தில் மருந்தகத்தில் கிடைக்கும் 10 மில்லிலீற்றர் ஊசிமருந்து நீர்க் குப்பிகள் மலிவானதும் நம்பகமானதுமான மாற்று. பாதுகாப்புப் பொருள் கலக்காதது என்று சுட்டியில் பார்த்து வாங்குங்கள். பென்சைல் அல்ககோல் கலந்த வகையும் அதே அலுமாரியில் இருக்கும்.

வெறுங் கரைசல் தெளிவாக இருந்து, பெப்தைட்டும் டிஎன்ஏயும் சேர்ந்தபின் கலங்கினால், பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலை விட்டுவிட்டு 20 மில்லிமோலர் ஹெப்பிஸ், பிஎச் 7.4, 5 சதவீத குளுக்கோசுக்கு மாறுங்கள். உப்பு மிகுந்த கரைசலில் துணிக்கைகளின் மேலுள்ள ஏற்றம் மறைக்கப்பட்டு, ஒன்றோடொன்று விலகாமல் ஒட்டிப் பருக்கின்றன. குளுக்கோசு உப்பில்லாமலே ஊடுபரவல் சமநிலையைத் தருகிறது. பிறகு விகிதத்தைப் பாருங்கள். நேரும் மறையும் சமமாகும் 1 முதல் 2 வரையான இடத்தில் துணிக்கைக்கு நிகர ஏற்றமே இல்லை, அங்கே திரள்வது இயல்பு. 5க்கு மேல் போனால் தெளியவேண்டும்.

கலக்கும் முறை இது. 0.5 மைக்ரோகிராம் டிஎன்ஏயை 25 மைக்ரோலீற்றர் கரைசலில் எடுங்கள். 0.1 மில்லிமோலர் ஆர்9இல் 13.5 மைக்ரோலீற்றரை எடுத்து அதே கரைசலால் 25 ஆக்குங்கள். 1 மில்லிமோலரிலிருந்து நேராக 1.35 மைக்ரோலீற்றர் எடுக்க முயலாதீர்கள், அந்த அளவில் பிப்பெற்றின் பிழை பெரிது. இரண்டு கனவளவும் சமமாக இருக்கட்டும். பெப்தைட்டை டிஎன்ஏக்குள் ஒரே வீச்சில் விட்டு உடனே நாலைந்து தடவை மேலும் கீழும் இழுத்துக் கலக்குங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் விழுந்த பெப்தைட்டைச் சுற்றிப் பெருந்திரள் உருவாகும். பிறகு 25 பாகையில் 30 நிமிடம் வைக்கவும். "அறை வெப்பம்" என்று நெறிமுறையில் இருப்பது சித்திரை, வைகாசி மாதங்களில் இங்குள்ள 34 பாகை அல்ல. அந்தச் சூட்டில் துணிக்கை விரைவாகப் பருக்கும், திறந்த குழாயில் 50 மைக்ரோலீற்றர் கரைசல் வற்றியும்விடும். ரெஜிபோம் பெட்டியில் தண்ணீர் விட்டு, ஐஸ்துண்டு இட்டு, வெப்பமானி பார்த்து 25இல் பிடித்துக்கொள்ளுங்கள்.

துணிக்கையின் அளவை ஒளிச்சிதறல் கருவியில் பார்க்க முடிந்தால் 100 முதல் 200 நனோமீற்றர், பரவல் சுட்டி 0.3க்குக் கீழ் என்பது நல்ல நிலை. கருவி இல்லாவிட்டாலும் 10,000 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி, மேல்நீரின் 260 நனோமீற்றர் உறிஞ்சலைச் சுழற்றுமுன் இருந்ததோடு ஒப்பிடலாம். பெரும்பகுதி அடியில் போய்விட்டால் கலத்துக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஜெல்லில் எதிர்பார்த்தபடி வரவில்லை

பெப்தைட்டு டிஎன்ஏயைப் பிடித்திருக்கிறதா என்பதை மின்புலத்தில் ஜெல்லில் ஓட்டிப் பார்க்கலாம்: 1 சதவீத அகரோஸ், 80 வோல்ற்று, 45 நிமிடம். விகிதம் 0, 1, 2, 4, 8 என்று வரிசையாக ஏற்றுங்கள். எல்லா விகிதத்திலும் டிஎன்ஏ சுதந்திரமாக ஓடினால் ஏற்றும் சாயத்தைச் சந்தேகியுங்கள். சில ஆயத்தச் சாயங்களில் எஸ்டிஎஸ் என்ற சவர்க்காரம் உண்டு, அது பெப்தைட்டைப் பிடுங்கி டிஎன்ஏயை விடுவித்துவிடும். கிளிசரோலும் நிறமும் மட்டும் உள்ள சாயத்தை நீங்களே தயாரியுங்கள். அதற்குப் பிறகும் ஓடினால் மேலே சொன்ன உப்புக் கணக்கு.

குழியிலேயே பளிச்சென்று நின்றால் பெப்தைட்டு பிணைந்திருக்கிறது, துணிக்கை ஜெல்லின் துளையைவிடப் பெரிதாக இருப்பதால் நகரவில்லை. அது தோல்வியல்ல. குழியிலும் இல்லை, பட்டையும் இல்லை என்றால் டிஎன்ஏ தொலைந்துவிட்டதாகப் பதறவேண்டாம். இறுகச் சுருண்ட டிஎன்ஏக்குள் எதிடியம் நிறம் நுழைய இடமில்லாததால் ஒளி வருவதில்லை. அதே மாதிரியில் மறை ஏற்றம் மிகுந்து பெப்தைட்டைத் தன்பக்கம் இழுக்கும் ஹெப்பரினை டிஎன்ஏயின் நிறையைப்போலச் சில மடங்கு சேர்த்து 15 நிமிடம் கழித்து ஓட்டுங்கள். பட்டை திரும்பி வரவேண்டும். ஹெப்பரின் எவ்வளவு போட்டும் வராவிட்டால் அது வேறு ஒரு பிழையின் முன்னறிவிப்பு: இவ்வளவு இறுகப் பிடித்தது கலத்துக்குள் போனபிறகும் சரக்கை விடாது.

மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏயான எஸ்ஐஆர்என்ஏயில் ஆர்9 தனியே நன்றாகப் பிடிக்காதது வழமை. 21 நியூக்கிளியோரைட்டு அளவு நீளமுள்ள அந்தத் துண்டு குட்டையும் விறைப்புமானது, நீண்ட வளைய டிஎன்ஏயான பிளாஸ்மிட்டைப்போல வளைந்து சுருளாது. பெப்தைட்டின் முனையில் ஸ்ரியரிக் கொழுப்பமிலம் சேர்த்த வகையே அதற்குப் பொருத்தம். ஸ்ரியரில் சேர்த்த டிரான்ஸ்போர்ட்டன்–10 வழித்தோன்றலான பெப்ஃபெக்ட்14 இந்த எண்ணத்தில் பிறந்ததுதான்.

கலம் பளபளவென்று ஒளிர்கிறது, ஆனால் மரபணு வேலை செய்யவில்லை

இந்தத் துறையில் அதிக நேரத்தைத் தின்னும் பிழை இதுதான், பிரசுரமான படங்கள் பலவும் இதில் விழுந்திருக்கின்றன. 2003இல் பிரான்சின் மொன்பெலியே ஆய்வாளர்கள் காட்டியது இது: போமல்டிகைட்டாலோ மெதனோலாலோ கலத்தை நிலைப்படுத்தும் அந்தச் செயலே மென்சவ்விலும் கலம் விழுங்கிய பைகளிலும் ஒட்டியிருந்த, ஒளிரும் சாயம் கோத்த பெப்தைட்டைக் கருவுக்குள் பரப்பிவிடுகிறது. நிலைப்படுத்திய கலத்தில் கரு வரை ஒளி தெரிந்தால் அது எதற்கும் சான்றல்ல. உயிரோடு இருக்கும் கலத்தையே பாருங்கள்.

உயிர்க்கலத்திலும் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்.

ஒளி வெளியே ஒட்டியிருக்கிறதா? கலத்தின் மேற்பரப்பில் ஹெப்பரான் சல்பேற்று என்ற மறை ஏற்றச் சர்க்கரைகள் அடர்ந்திருக்கின்றன. நேர் ஏற்றப் பெப்தைட்டு அங்கே அட்டைபோல ஒட்டும், வெறும் உப்புநீரில் கழுவினால் போகாது. மில்லிலீற்றருக்கு 0.1 மில்லிகிராம் ஹெப்பரின் கரைசலால் மூன்று தடவை கழுவி, 0.25 சதவீத டிரிப்சினில் 5 முதல் 10 நிமிடம் வைத்து, பிறகு அளவிடுங்கள். பச்சைச் சாயமானால் 0.04 சதவீத டிரைபன் நீலம் விட்டால் வெளியே உள்ள ஒளி அணைந்துவிடும். சிவப்புச் சாயத்தோடு அதைப் பயன்படுத்தாதீர்கள், டிரைபன் நீலமே சிவப்பாக ஒளிரும்.

ஒளி புள்ளி புள்ளியாக இருக்கிறதா, கலமெங்கும் பரந்திருக்கிறதா? புள்ளியானால் கலம் தன் மென்சவ்வைக் குழித்து விழுங்கிய எண்டோசோம் பைக்குள் சரக்கு அடைபட்டிருக்கிறது. படலை தாண்டி முற்றத்தில் நிற்பவரை வீட்டுக்குள் வந்தவராகக் கணக்கெடுக்க முடியாது. பை வெடிக்காவிட்டால் அது லைசோசோமாகி உள்ளே உள்ளதை எல்லாம் சிதைத்துவிடும். ஐஸில் 30 நிமிடம் குளிரவைத்த கலங்களில் அதே பெப்தைட்டைப் போட்டுப் பாருங்கள். குளிரில் விழுங்குதல் நின்றுவிடும். ஒளியும் நின்றால் விழுங்குவழிதான். சீரம் (குருதிநீர்) இல்லாத வளர்ப்பு ஊடகத்தில் ஆர்9 சுமார் 10 மைக்ரோமோலருக்கு மேல் போனால் குளிரிலும் நேராக ஊடுருவக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். செறிவைக் குறிப்பிடாமல் "இது விழுங்குவழி, இது நேர்வழி" என்று வாதிடுவதில் பொருளில்லை. முல்லைத்தீவுக் கரையில் மீனுக்கென நொறுக்கிய ஐஸ் இதற்குப் போதும். உப்புநீர் தட்டுக்குள் தெறிக்காதபடி பொலித்தீனில் சுற்றிப் பயன்படுத்துங்கள்.

சாயமே பொய் சொல்கிறதா? புளோரசீன் வகைச் சாயங்களின் ஒளி பிஎச் 6.4ஐச் சுற்றிச் சரிகிறது. அமிலமான பைக்குள் அவை மங்கிவிடும், உண்மையில் உள்ளே நிறைய இருந்தாலும் குறைவாகத் தெரியும். இதில் ஒரு பொறி உண்டு. பையை உடைக்கவென்று குளோரோகுயின் சேர்த்தால் பையின் பிஎச் உயரும், புளோரசீன் பிரகாசமாகும், "வெளியேறிவிட்டது" என்று எழுதிவிடுவார்கள். வெளியேறவேயில்லை, பைக்குள்ளேயே பிரகாசமாகிவிட்டது. ரொடமின் வகைச் சாயம் இந்தப் பொறியைத் தவிர்க்கும்.

ஆகவே ஒளியை விட்டு, செய்த வேலையை அளவிடுங்கள். ஒரே தட்டில் நான்கு குழிகள் வைத்தால் அடைப்பு எங்கே என்று பிரித்துவிடலாம்: பெப்தைட்டும் லூசிபரேஸ் (ஒளி தரும் நொதியம்) பிளாஸ்மிட்டும், அதோடு 100 மைக்ரோமோலர் குளோரோகுயின், அதே பிளாஸ்மிட் வழக்கமான காவிகளான லிப்போபெக்டமின் அல்லது பொலி எதிலீன் இமினோடு, பிளாஸ்மிட் மட்டும். குளோரோகுயினை 4 மணிநேரத்தில் அகற்றிப் புது ஊடகம் விடவேண்டும், அதற்கு மேல் அது கலத்தைக் கொல்லும்.

மூன்றாம் குழியும் வேலை செய்யாவிட்டால் பெப்தைட்டைக் குறைசொல்ல இடமில்லை. பிளாஸ்மிட்டோ கலமோ கெட்டிருக்கிறது. 260, 280 நனோமீற்றர் உறிஞ்சல்களின் விகிதம் 1.8 வருகிறதா, சுருள்வடிவம் குலையாமல் இருக்கிறதா, கலங்கள் தட்டில் 50 முதல் 70 சதவீதம் மூடிப் பிரிந்துகொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாவது வேலை செய்து, முதலாவது செய்யாமல், இரண்டாவதில் எகிறினால் அடைப்பு பைதான். ஹிஸ்ரிடின் சேர்த்த தொடருக்கு மாறுங்கள். ஹிஸ்ரிடின் பிஎச் 6 அளவில் ஏற்றம் வாங்கிப் பையை உடைக்க உதவும். இல்லாவிட்டால் அமிலத்தில் மட்டும் சுருளாகி மென்சவ்வைத் துளைக்கும் காலா போன்ற 30 அமினோ அமிலப் பெப்தைட்டைத் துணையாகச் சேருங்கள். குளோரோகுயினும் உதவாவிட்டால் சரக்கு அவிழவில்லை, அல்லது கருவுக்குள் போகவில்லை. அதே பெப்தைட்டோடு எம்ஆர்என்ஏ கொடுத்துப் பாருங்கள். அது குழியவுருவிலேயே வேலை செய்யும். எம்ஆர்என்ஏ பலித்து பிளாஸ்மிட் பலிக்காவிட்டால் தடை கருமென்சவ்வு.

எஸ்ஐஆர்என்ஏக்கு நேரம் தவறுவதும் உண்டு. எம்ஆர்என்ஏ குறைவதை 24 மணியில் பாருங்கள், புரதம் குறைவதை 48 முதல் 72 மணியில். நீண்ட ஆயுள் கொண்ட புரதத்தை மறுநாள் காலை அளந்துவிட்டுப் பலிக்கவில்லை என்று கைவிடக்கூடாது.

கலங்கள் உரிந்து மிதக்கின்றன

எப்போது செத்தன என்பதே காரணத்தைச் சொல்லும். அரை மணி முதல் இரண்டு மணிக்குள் எல்டிஎச் நொதியம் ஊடகத்தில் கசிந்தால் மென்சவ்வு கிழிந்திருக்கிறது: செறிவு அதிகம், அல்லது டிரான்ஸ்போர்ட்டன் போல நீர்வெறுப்புப் பக்கம் வலுத்த பெப்தைட்டு. பாதியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 24 குழித் தட்டில் 0.5 மைக்ரோகிராம் டிஎன்ஏக்கு விகிதம் 8 என்றால் குழியில் ஆர்9 2.7 மைக்ரோமோலர். இந்த அளவில் உடனடிச் சாவு வரக்கூடாது. வந்தால் ஊடகத்தின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளானால் பிஎச் இறங்கிவிட்டது, டிரைபுளோரோ அசெற்றிக் அமிலம் மிச்சமிருக்கிறதோ என்று ஐயமானால் பெப்தைட்டை அசெற்றேற்று அல்லது குளோரைட்டு உப்பாக மாற்றி வாங்குங்கள்.

ஒரு நாள் கழித்தே சாகின்றன என்றால் பெருந்திரள்கள் கலங்களின்மேல் படிந்திருக்கலாம், பிளாஸ்மிட்டில் பக்ரீரிய நச்சு இருக்கலாம். பெப்தைட்டு மட்டும், டிஎன்ஏ மட்டும் என்ற இரண்டு குழிகள் அதைப் பிரித்துக் காட்டும். எம்டிடி சோதனை எல்லாம் உயிரோடு இருப்பதாகக் காட்டினாலும் நம்புமுன் ஒன்று: டிடிடி, டிசெப் போன்ற தாழ்த்திகள் மிச்சமிருந்தால் கலமே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கும். கலமில்லாத குழி ஒன்றை எப்போதும் வையுங்கள்.

இரவு மின்தடையில் காபனீரொட்சைட்டு அடைகாப்புப் பெட்டி நின்றிருந்தால் காலையில் ஊடகம் ஊதா கலந்த சிவப்பாக இருக்கும். அந்தத் தட்டின் முடிவுகளை எடுக்காதீர்கள். மின்சாரம் நம்பமுடியாத நாட்களில் 25 மில்லிமோலர் ஹெப்பிஸ் சேர்த்த ஊடகம் சில மணிநேரம் தாக்குப்பிடிக்கும்.

சீரம் இல்லாமல் பலிக்கிறது, சீரத்தோடு இல்லை

அல்புமின் துணிக்கையைப் போர்த்துகிறது, டிரிப்சின் வகை நொதியங்கள் ஆர்ஜினினுக்கும் லைசினுக்கும் பின்னால் வெட்டுகின்றன. ஆர்9 முழுக்க வெட்டுமிடம்தான். முதல் 4 மணிநேரம் சீரமில்லாமல் வைத்து, பிறகு சீரம் சேர்ப்பது தற்காலிக வழி. வலக்கை வடிவ அமினோ அமிலங்களால் செய்த டி–ஆர்9ஐ நொதியங்கள் வெட்டுவதில்லை. விலை கூட, ஆனால் விலங்குப் பரிசோதனையை எண்ணுபவர் அதிலேயே தொடங்குவது நல்லது.

போன மாதம் பலித்தது, இந்த மாதம் இல்லை

தூளாக, உலர்வாக, மூடிக் கட்டிய பெப்தைட்டு கொழும்பிலிருந்து ஏ9 வழியே பஸ் பொதியில் வந்தாலும் கெடாது. கரைசலாக வந்தது கெடும். எனவே கரைத்து அனுப்பச் சொல்லாதீர்கள். கரைத்தபின் 20 மைக்ரோலீற்றர் வீதம் பிரித்து மறை 20 பாகையில் வையுங்கள், உருக்கியதை மீண்டும் உறையவைக்கவேண்டாம். உறைபெட்டியில் சிறு போத்தலில் நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயம் வையுங்கள். விடுமுறை முடிந்து வரும்போது நாணயம் உள்ளே புதைந்திருந்தால் மின்சாரம் போய் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உறைபெட்டி வெளியே காட்டும் எண் அதைச் சொல்லாது.

சிஸ்டீன் உள்ள பெப்தைட்டு இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். எல்மன் சோதனையில் 412 நனோமீற்றரில் சுதந்திர தயோலை அளந்தால் தெரியும். பெனட்ரட்டினின் மெதியோனின் ஒட்சியேறினால் நிறைமானியில் 16 கூடும்.

எதுவும் மாறாமல் செறிவு மட்டும் குறைந்துவிட்டதா? கண்ணாடிக் குப்பியும் பொலிஸ்ரைரீனும் நேர் ஏற்றப் பெப்தைட்டை உறிஞ்சும், மைக்ரோமோலர் செறிவில் கணிசமான பங்கு சுவரிலேயே நின்றுவிடும். ஒட்டாத வகைப் பொலிபுரொப்பிலீன் குழாயையே பயன்படுத்துங்கள், நீர்த்த கரைசலை அன்றன்றே செய்யுங்கள்.

மருந்தைக் கோத்தபின் மருந்தின் வீரியம் போய்விட்டது

இணைப்பு அவிழ்வதா என்பதே கேள்வி. மலெய்மைட்டால் தயோஈதர் பிணைப்புப் போட்டால் கலத்துக்குள் அது விடாது. டைசல்பைட்டானால் குழியவுருவின் குளுற்றதயோன் அதை வெட்டும். மலெய்மைட்டு வேலைக்கு பிஎச் 6.5 முதல் 7.5. அதைத் தாண்டினால் லைசினின் அமீனிலும் பிடிக்கும். பிணைக்குமுன் டிடிடியை முற்றாக நீக்குங்கள், இல்லாவிட்டால் மலெய்மைட்டை அதுவே தின்றுவிடும். புற்றுநோய் மருந்தான டொக்சோரூபிசினின் சொந்த ஒளியை வைத்து அளப்பவர்கள், அது டிஎன்ஏயோடு பிணைந்தால் மங்கும் என்பதை மறக்கிறார்கள். கருவில் ஒளி குறைந்தது மருந்து சேர்ந்ததற்கான அடையாளமாகவும் இருக்கலாம். பிஎன்ஏ, மோர்போலினோ போன்ற ஏற்றமற்ற சரக்குகள் கலந்தால் ஒட்டாது, அவற்றை நேரடியாகக் கோக்கத்தான் வேண்டும்.

ஆய்வுக்கென்று விற்கப்படும் பெப்தைட்டு எதையும், தூய்மை எவ்வளவு என்றாலும், மனிதர் உடலில் ஏற்றவேண்டாம்.

இலையில் போட்டால் ஒன்றும் வரவில்லை

கலவளர்ப்பு அறை இல்லாத இடத்தில் தாவரத்தில் தொடங்குவதே எங்கள் பரிந்துரை. வன்னியின் தேவைக்கும் அது நெருக்கமானது. ஜப்பானின் ரிக்கன் நிறுவன ஆய்வாளர்கள் 2013இல் பிபி100 என்ற 11 அமினோ அமிலத் தொடரோடு லைசின்–ஹிஸ்ரிடின் இணையை ஒன்பது தடவை கோத்து, பிளாஸ்மிட்டை இலைக் கலங்களுக்குள் அனுப்பினார்கள். ஊசி கழற்றிய 1 மில்லிலீற்றர் சிரிஞ்சை இலையின் அடிப்பக்கத்தில் அழுத்தி 100 மைக்ரோலீற்றரளவு ஏற்றுவதுதான் முறை.

கரைசல் உள்ளே போகாமல் வழிந்தால் இலைவாய்கள் மூடியிருக்கின்றன. உச்சி வெயிலில், கச்சான் வீசும் நாட்களில் இது நிச்சயம். முதல்நாள் மாலை நன்றாக நீர் விட்டு, காலை வெயில் ஏறுமுன் செய்யுங்கள். மெல்லிய இலையில் பழகுங்கள், நிக்கோட்டியானா பெந்தமியானா அதற்கு ஏற்றது. உள்ளே போயும் புரதம் வராவிட்டால் பிளாஸ்மிட்டில் மரபணுவை இயக்கும் ஊக்கியைப் பாருங்கள். பாலூட்டிக் கலங்களுக்கான சிஎம்வி ஊக்கி இலையில் ஓடாது, தாவரங்களுக்கான 35எஸ் ஊக்கி வேண்டும்.

இலை ஒளிர்ந்தாலும் இரண்டு ஐயம் உண்டு. பச்சையம் தானாகவே சிவப்பில் ஒளிரும், எனவே பெப்தைட்டு ஏற்றாத இலை பக்கத்தில் இருக்கவேண்டும். கலச்சுவரின் பெக்ரின் மறை ஏற்றமுள்ளது, பெப்தைட்டு அதிலே ஒட்டி நின்று உள்ளே இருப்பதுபோலத் தோன்றும். இதைத் தீர்க்கப் பம்பாய் வெங்காயத்தின் உட்பக்க மேற்றோல் நல்லது: நிறமில்லை, ஒரே படை. பெப்தைட்டில் ஒரு மணிநேரம் ஊறவைத்துக் கழுவி, 0.8 மோலர் மனிற்றோல் விட்டு 15 நிமிடம் பொறுங்கள். முதலுருச் சுருக்கம் நடந்து கலவுரு சுவரைவிட்டு விலகும். ஒளி சுவரோடு நின்றால் உள்ளே போகவில்லை. சுருங்கிய உருண்டையோடு சேர்ந்து நகர்ந்தால் சுவரைத் தாண்டிவிட்டது. உருண்டையின் விளிம்பில் மட்டும் நிற்கிறதா, உட்பக்கமும் பரவியிருக்கிறதா என்பதைப் பெரிதாக்கிப் பார்த்து எழுதுங்கள். விளிம்பில் மட்டுமானால் மென்சவ்வில் தங்கியிருக்கிறது, செறிவை மாற்றுமுன் ஹிஸ்ரிடின் சேர்ந்த தொடரைச் சோதியுங்கள்.